கிட்டிய படி

யாழ்ப்பாணத்தில் ஒருவரை அறிமுகப்படுத்தும்போது ஊரையும் பள்ளிக்கூடத்தையும் சொன்ன கையோடு ஓர் எண்ணும் வந்து விழும். "ஏ.எல்லில மாவட்டத்தில மூன்றாமிடம்" என்பார்கள். பேசப்படுகிறவர் அறுபதைத் தாண்டி ரொறன்ரோவில் பேரப்பிள்ளைகளோடு இருப்பார். எண் மட்டும் ஊரில் அப்படியே இருக்கும். பல்கலைக்கழக அனுமதிக்கென 1970களில் வந்த தரப்படுத்தலும், பிறகு வந்த மாவட்டக் கோட்டாவும், வெட்டுப்புள்ளியும், இசட் புள்ளியும் சேர்ந்து எங்களை இப்படி ஆக்கிவிட்டன. ஒரு தசமத்தில் மருத்துவபீடத்தைத் தவறவிட்ட பிள்ளை ஒன்றாவது இல்லாத ஒழுங்கை இங்கே குறைவு.

அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு திங்கட்கிழமைகளில் நான் தேடிப் பார்ப்பது வேறொரு எண். பெண்கள் டென்னிஸ் தரவரிசையில் கோயம்புத்தூர்ப் பிள்ளை மாயா ராஜேஸ்வரன் ரேவதி எங்கே நிற்கிறார் என்று பார்ப்பேன். 2009 இல் பிறந்தவர். 2025 பெப்ரவரியில் மும்பையில் நடந்த டபிள்யூ.டி.ஏ 125 தொடருக்கு அவர் வந்தபோது அவருடைய பெயருக்குப் பக்கத்தில் எண்ணே இல்லை. தரவரிசையில் இல்லாத பிள்ளைக்கு அத்தகைய தொடரில் கதவு திறக்காது. அமைப்பாளர்கள் மனம்வைத்து ஒரு வைல்ட் கார்ட் கொடுத்தால்தான் உண்டு. கொடுத்தார்கள், அதுவும் தகுதிச் சுற்றுக்கு. அங்கே இரண்டு ஆட்டம் வென்று பிரதான சுற்றுக்குள் வந்தார். அதிலும் வென்று வென்று போய், காலிறுதியில் ஜப்பானின் மெய் யமகுச்சியை மூன்று செட்களில் மடக்கினார். அரையிறுதியில் சுவிற்சர்லாந்தின் ஜில் டைக்மன் அவரை நேர் செட்களில் நிறுத்தினார். ஒருகாலத்தில் உலகின் 21ஆம் இடத்தில் நின்ற இடக்கை வீராங்கனை டைக்மன். அந்தத் தொடரின் கிண்ணமும் அவருக்கே போனது.

பதினைந்து வயதுப் பிள்ளை ஒரே தொடரில் ஐந்து ஆட்டம் வென்ற அந்தக் கிழமையில் நான் சரியாக நித்திரை கொள்ளவில்லை. எங்களுக்கும் கோயம்புத்தூருக்கும் என்ன சொந்தம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தமிழ்ப் பெயர் ஒன்று ஸ்கோர் பலகையில் மேலே ஏறுகிறது என்பதே எனக்குப் போதுமாயிருந்தது.

டென்னிஸ் தரவரிசை எங்கள் பரீட்சை எண்ணைப் போன்றதல்ல. ஆண்களுக்கு 1973 இலும் பெண்களுக்கு 1975 இலும் கணினி வழியாகத் தொடங்கிய ஏற்பாடு இது. வென்ற புள்ளிக்கு ஆயுள் 52 கிழமை. ஒரு பெப்ரவரியில் மும்பையில் எடுத்த புள்ளி மறு பெப்ரவரியில் தானாக உதிர்ந்துபோகும். அதற்குள் வேறிடத்தில் அதே அளவு வெல்லாவிட்டால் ஆள் கீழே வருவார். நின்ற இடத்தில் நிற்பதற்கே ஓடவேண்டும். அதைவிட, ஆரம்பத்தில் பட்டியலுக்குள் நுழைவதற்கு ஒரு வாசற்படி இருக்கிறது: மூன்று தொடர்களிலாவது புள்ளி எடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மொத்தமாகப் பத்துப் புள்ளி சேர்ந்திருக்க வேண்டும். மாயா அந்தப் படியை ஒரே கிழமையில் தாண்டினார். பெரும்பாலான பிள்ளைகள் அதைத் தாண்டக் கீழ்மட்டப் போட்டிகளில் ஊரூராக அலைகிறார்கள். டபிள்யூ15 என்று சொல்லப்படும் அந்தப் போட்டிகளில் கிண்ணம் வெல்கிறவருக்கே 15 புள்ளிதான். விம்பிள்டனை வெல்கிறவருக்கு 2000. டபிள்யூ15 இல் முதற் சுற்றில் தோற்றால் புள்ளி ஒன்றுமில்லை, கையில் ஏறத்தாழ 150 டொலர்தான் தேறும். விமானச் சீட்டு, தங்குமிடம், விசா, கூடப்போகும் தாய் அல்லது தகப்பனின் செலவு எல்லாம் அதற்குள் அடங்குமா? வயதுக் கட்டுப்பாடும் இருக்கிறது. இளவயதில் எரிந்துபோன பிள்ளைகளைக் கண்ட பிறகு, பதினைந்து வயதுக்காரி ஆண்டுக்குப் பத்துத் தொழில்முறைப் போட்டி அளவில்தான் ஆடலாம் என்று விதி வகுத்தார்கள். நன்றாக ஆடுகிறவர்களுக்குச் சில சலுகைகள் உண்டு. நல்ல விதி. ஆனால் பத்தே தடவைதான் என்றால், அந்தப் பத்தில் ஒன்றாவது வீட்டுக்குக் கிட்ட நடப்பது எவ்வளவு பெரிய காரியம்!

எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை டென்னிஸ் ஆடுகிறாள். ஆடுகிறாள் என்றால், மதிலோடு ஆடுகிறாள். வளவின் பின்மதிலில் சோக்கட்டியால் நீளமாகக் கோடு கீறியிருக்கிறாள்; நிலத்திலிருந்து சரியாக மூன்று அடி, வலையின் நடுவுயரம். பந்து கோட்டுக்குக் கீழே பட்டால் தனக்குத்தானே புள்ளி குறைப்பாள். பந்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மஞ்சள் பஞ்சு முழுக்கத் தேய்ந்து, றப்பர் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. இந்த வெயிலுக்கு உள்காற்றும் போய்விட்டதால் முழங்காலுக்குமேல் எழும்பாது. அந்தச் செத்த பந்தைக் குனிந்து குனிந்து அடித்து அவளுடைய அடிகள் எல்லாம் மிகத் தாழ்வாக, வேகமாக வருகின்றன. நல்ல பந்து கிடைத்த அன்று தடுமாறிப் போகிறாள். றக்கெட்டின் நரம்பு அறுந்தால் இரவுப் பேருந்தில் கொழும்புக்குப் போகும்; அங்கே ஓர் உறவினர் கட்டுவித்துத் திருப்பி அனுப்புவார். அந்த இடைவெளியில் பிள்ளை வெறுங்கையோடு சேர்வ் போடும் தோள் அசைவை மட்டும் செய்துகொண்டிருப்பாள்.

"மாமா, மாயா இப்ப எத்தினையாவது?" என்று என்னைக் கண்டால் கேட்பாள். சொல்வேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மதிலுக்குத் திரும்பிப் போவாள்.

தாய் ஒருநாள் படலையடியில் நின்று சொன்னா: "நல்லாத்தான் அடிக்கிறாள் அண்ணை. ஆனா இதுக்குப் புள்ளி கூட்டிக் கம்பஸுக்கு எடுப்பாங்களே? ரியூசன் ரெண்டு விட்டிட்டாள்." அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். இழக்க எதுவுமில்லாமல் நின்ற சனத்தைப் பரீட்சைதான் கரையேற்றியது. தாய்க்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு யோசித்தபோது எனக்கு வந்தது இதுதான்.

யாழ்ப்பாணம் விளையாட்டில் சோடைபோன ஊரல்ல. யாழ் மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குப் போனார். 1958 இல் தோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, ஆசிய விளையாட்டில் இலங்கைக்கு முதலாவது தங்கத்தைக் கொண்டுவந்தார். தெல்லிப்பழை மகாஜனாவின் அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனை வைத்தார். போர்க்காலத்தில் வலிகாமம் வடக்கில் எத்தனையோ விளையாட்டுத் திடல்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய், பள்ளிக்கூடங்களே இடம்பெயர்ந்து நடந்த மண்ணில் இது சின்ன விஷயமல்ல. ஆனால் உயரம் பாய்கிறவருக்கு ஒரு வசதி உண்டு. குறுக்குத்தடி யாழ்ப்பாணத்திலும் தோக்கியோவிலும் ஒன்றுதான். இங்கே இரண்டு மீற்றர் பாய்ந்தால் அது உலகம் முழுக்க இரண்டு மீற்றர். அளவுநாடா உங்களுக்காகச் சாட்சி சொல்லும். டென்னிஸில் அப்படி ஒரு நாடா இல்லை. வலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரை வைத்துத்தான் இந்தப் பக்கம் நிற்கிறவருக்கு விலை. அந்தப் பக்கத்தில் ஆளே இல்லாவிட்டால், எங்கள் ஒழுங்கைப் பிள்ளை எவ்வளவு நன்றாக அடித்தாலும் அவள் எத்தனையாவது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. மதிலுக்குத் தரவரிசை இல்லை.

ஆகவே இந்த விளையாட்டில் ஏற்றம் என்பது முதலில் பயணம். தமிழ்நாட்டு வீரர் ராமநாதன் கிருஷ்ணன் காலத்திலும் அப்படித்தான். தகப்பன் டி.கே. ராமநாதன் பயிற்சி கொடுத்து வளர்த்த பிள்ளை 1954 இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்றது. ஆசியாவிலிருந்து அதை வென்ற முதல் ஆள். 1960 இலும் 1961 இலும் அங்கே அரையிறுதி ஆடினார். 1961 இல் காலிறுதியில் றோய் எமர்சனை வென்று, பிறகு றொட் லேவரிடம் தோற்றார். அன்று கணினித் தரவரிசை கிடையாது, ஆண்டு முடிவில் பத்திரிகையாளர்கள் தங்கள் கண்ணால் கண்டதை வைத்துப் பட்டியல் போடுவார்கள். அவர்கள் கண்ணில் படுவதற்கே லண்டனுக்குப் போயிருக்க வேண்டும். மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979 இல் விம்பிள்டன், பிரெஞ்சு இரண்டு இளையோர் பட்டங்களையும் வென்றார். 1985 இல் 23ஆம் இடம்வரை ஏறினார். 1989 அவுஸ்திரேலிய ஓப்பனில் அன்றைய முதல் நிலை வீரர் மாற்ஸ் விலாண்டரை வீழ்த்தினார். வேகம் இல்லாத சேர்வை வைத்துக்கொண்டு, பந்தை முன்கூட்டியே எடுத்து, எதிராளியின் பலத்தை அவருக்கே திருப்பிக் கொடுத்து ஆடியவர். அந்த ஆட்டத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு அலுத்ததில்லை. தமிழ்க் கைக்கு இந்த விளையாட்டு வரும் என்பதற்கு இதற்குமேல் அத்தாட்சி தேவையில்லை.

பயணம்தான் எல்லாம் என்றால் ஏழைப் பிள்ளைக்கு வழியில்லையா? இங்கேதான் மும்பை எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாயாவின் திறமை பயிற்சியால் வந்தது. அவர் அதற்குப் பிறகு மயோர்க்காவில் ரஃபா நடால் அகாதமிக்குப் போனதும் அந்தத் திறமையால்தான். ஆனால் அந்தக் கிழமையில் அவரை உலகம் கண்டதற்குக் காரணம், சொந்த நாட்டில் ஒரு தொடர் நடந்தது. அதில் ஒரு சீட்டு உள்ளூர்ப் பிள்ளைக்கென்று ஒதுக்கப்பட்டது. பிலிப்பைன்ஸின் அலெக்சாண்ட்ரா ஈலாவும் அதே அகாதமியில் வளர்ந்தவர். 2025 மார்ச்சில் மயாமியில் 140ஆம் இடத்திலிருந்து வைல்ட் கார்டில் நுழைந்து, ஒஸ்டபெங்கோ, கீஸ், ஸ்வியாதெக் என்று மூன்று கிராண்ட் ஸ்லாம் வெற்றியாளர்களை வென்று அரையிறுதிக்குப் போனார். டென்னிஸுக்குப் பெயரில்லாத ஒரு தீவுக் கூட்டத்துப் பிள்ளை.

எங்களிடமே ஒரு சாட்சி இருக்கிறது. யாழ் மத்திய கல்லூரியின் சுழல் பந்து வீச்சாளர் விஜயகாந்த் வியாஸ்காந்த். 2020 இல் லங்கா பிரீமியர் லீக் தொடங்கி, யாழ்ப்பாணத்தின் பெயரில் ஓர் அணியும் வந்து, அதில் அவருக்கு ஓரிடம் கிடைத்தது. 2024 மே மாதம் ஐ.பி.எல்லில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத்துக்காகப் பந்து வீசினார். லங்கா லீக் வராவிட்டாலும் அவருடைய லெக் பிரேக் அதே லெக் பிரேக்தான். பள்ளிக்கூடத்து ஆட்டங்களில் மட்டும் திரும்பிக்கொண்டிருந்திருக்கும்.

ஒழுங்கைப் பிள்ளையின் தாய்க்கு இப்போது என் பதில்: ரியூசனை விடச் சொல்லவில்லை. அவளுக்கு ஒரு படி கிட்ட வேண்டும் என்கிறேன். கொழும்பில் சர்வதேச இளையோர் போட்டிகள் நடப்பதுண்டு. ஆனால் இங்கிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர், ஓர் இரவுப் பயணம். பலாலியிலிருந்து சென்னை விமானத்தில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு உட்பட்ட தூரம். அங்கே நுங்கம்பாக்கத்தில் 2022 இல் டபிள்யூ.டி.ஏ 250 தொடர் நடந்தது, பதினேழு வயது லிண்டா ஃப்ருவிர்த்தோவா வென்றார். 2025 இல் மீண்டும் நடந்தபோது இந்தோனேசியாவின் ஜானிஸ் டியென் வென்றார். அந்த ஆண்டின் தொடக்கத்தில் 400க்கும் கீழே நின்றவர். சின்னச் சின்னப் போட்டிகளை ஒவ்வொன்றாக வென்று மேலே வந்தவர். அடுத்தமுறை சென்னையில் நடக்கும்போது இங்கிருந்து நாலு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். இறுதியாட்டத்துக்கல்ல, தகுதிச் சுற்றுக்கு. வெறிச்சோடிய இருக்கைகளுக்கு முன்னால், பெயர் தெரியாத பெண்கள் ஒரே ஒரு இடத்துக்காக மூன்று மணித்தியாலம் வெயிலில் அடிபடுவதை அவர்கள் வேலிக் கம்பியடியில் நின்று பார்க்கவேண்டும். வலைக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆள் யார் என்று அப்போது தெரியும்.

கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கு இதை எழுதியே கேட்கப்போகிறேன். நுழைவாயில் வளைவுகளும் நூற்றாண்டு மண்டபங்களும் நிறையக் கட்டித் தந்துவிட்டீர்கள். இனி ஒரு நரம்பு கட்டும் இயந்திரம் வாங்கித் தாருங்கள். அதை இயக்க ஒருவரைக் கொழும்புக்கு அனுப்பிப் பழக்குங்கள். காற்றுள்ள பந்துகள் மாதாமாதம் வரட்டும். சேர்ந்தாற்போல நாலு கடினத்தரை ஆடுகளங்கள் போடுங்கள். ஒன்று போட்டால் பயிற்சி மட்டும்தான் நடக்கும், நாலு இருந்தால் ஒரு சுற்றுப்போட்டியைப் பற்றிப் பேசத் தொடங்கலாம். உங்கள் பேரப்பிள்ளைகள் அங்கே மாநகரசபை ஆடுகளங்களில் ஆடுகிறார்களே, விடுமுறைக்கு வரும்போது றக்கெட்டையும் கொண்டு வரச் சொல்லுங்கள். எங்கள் ஒழுங்கையில் ஒருத்தி ஆள் தேடிக்கொண்டிருக்கிறாள்.