வீழ்படிவின் நிறம்

மேனிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கவிருக்கும் பிள்ளைகளின் பெற்றோர், ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நிற்கையில், நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: அறிவியல் படித்தால் பிள்ளைகளின் விசுவாசம் குறைந்துவிடாதா? நாம் அதற்கு அஞ்சியதில்லை. அணுக்கள் எவ்வண்ணம் இணைகின்றன என்று அப்பாடநூல் சொல்லும். அவை ஏன் இருக்கின்றன என்பதைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. மேலும், இயற்கை அறிவியல் பயில்வோர்க்குப் பாதுகாவலராகப் புனித பெரிய ஆல்பர்ட்டைத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1941-ஆம் ஆண்டிலேயே தந்திருக்கிறார்.

வேதியியல் மாணவர்க்குச் சோதனை வருவது பாடநூலில் அன்று, ஆய்வகத்தில். பியூரெட்டில் பெர்மாங்கனேட் கரைசலை நிரப்பி, கூம்புக் குடுவையில் சொட்டுச் சொட்டாக விட்டு, மாறாத இளஞ்சிவப்பு தோன்றிய கணத்தில் நிறுத்தி அளவைக் குறிக்கவேண்டும். ஒத்த அளவு கிடைக்கும்வரை திரும்பச் செய்யவேண்டும். முதன்முறை 19.8, அடுத்தது 20.1 என்று வந்தால் என் செய்வது? மறுபடியும் பிப்பெட்டை எடுப்பவன் ஒருவன். ரப்பரை எடுத்து 20.1-ஐ அழித்து 19.8 என்று எழுதுபவர் பலர். இன்னும் சிலர் எதிர்பார்க்கும் விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு அளவை எழுதிவிடுவர். தவக்காலத்தில் ஒரு சந்தி இருந்து, மாலையில் சிலுவைப்பாதைக்கும் தவறாமல் வரும் நம் பிள்ளைகளும் இதைச் செய்கிறார்கள். இதை ஒருவரும் பாவமென்று எண்ணுவதில்லை. ஓர் எண்தானே!

அந்த ஓர் எண்ணின் மதிப்பை உணர்ந்தவர் இராலே பிரபு என்னும் ஆங்கிலேயர். காற்றிலிருந்து ஏனைய வாயுக்களை நீக்கிப் பெற்ற நைட்ரஜன் ஒரு லிட்டர் 1.2572 கிராம் இருந்தது. வேதிச் சேர்மங்களிலிருந்து பெற்ற நைட்ரஜனோ 1.2505 கிராம்தான் இருந்தது. ஆயிரத்தில் ஐந்தாறு பங்கு வேறுபாடு. கைப்பிழை என்று தள்ளிவிட்டு உறங்கப் போயிருக்கலாம். அவரோ மீண்டும் மீண்டும் நிறுத்துப் பார்த்து, வேறுபாடு மறையாமல் நிற்கவே, தமக்கு விளங்கவில்லை என்பதை 1892-இல் 'நேச்சர்' இதழில் வெளிப்படையாக எழுதி, அறிந்தோர் விளக்கம் கூறுமாறு கேட்டார். பின்னர் இராம்சே என்பவரும் ஆராய்ச்சியில் சேர்ந்துகொண்டார். 1894-இல் ஆர்கான் வெளிப்பட்டது. நாம் விடும் ஒவ்வொரு மூச்சிலும் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்காக இருந்தும் எவர் கண்ணிலும் படாதிருந்த வாயு அது. அவ்விருவருக்கும் 1904-இல் நோபல் பரிசு கிடைத்தது. இராலே முன்னர்த் தலைமை தாங்கிய கேவண்டிஷ் ஆய்வகத்தின் பழைய வாயிற்கதவில் திருப்பாடல் 111-இன் அடியொன்று இலத்தீனில் செதுக்கப்பட்டிருக்கிறது. ஆண்டவரின் செயல்களில் இன்புறுவோர் அவற்றை ஆய்ந்து தேடுவர் என்பது அதன் பொருள்.

இதையெல்லாம் வகுப்பில் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்தாம் நாம். இனி எழுதப்போவதை எழுத நமக்கு நெடுங்காலம் ஆயிற்று.

1987-ஆம் ஆண்டுச் செய்முறைத் தேர்வில் நாம் அகத் தேர்வாளர். எந்த எண்ணிட்ட புட்டியில் எந்த உப்பு என்பதை முந்திய மாலையே மாணவர்க்குச் சாடையாகச் சொல்லிவிட்டோம். எல்லாரும் செய்வதுதான் என்று மனச்சான்றுக்குச் சமாதானம் கூறிக்கொண்டோம். ஏழாம் எண் புட்டி அம்மோனியம் குளோரைடு. அப்புட்டி எட்டுப் பேருக்கு வந்தது. எழுவர் சில்வர் நைட்ரேட் சோதனையில் தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு கண்டதாகவும், அது அம்மோனியாவில் எளிதில் கரைந்ததாகவும் எழுதினர். ஒரு பெண் மட்டும் வெளிர் மஞ்சள் வீழ்படிவு, அரிதிற் கரைந்தது, ஆகவே புரோமைடு என்று எழுதியிருந்தாள். புறத் தேர்வாளர் கையில் இருந்த பட்டியலில் குளோரைடு என்றே இருந்தது. அவளுக்கு மதிப்பெண் குறைந்தது.

மாலையில் எல்லாரும் சென்ற பின், ஏதோ உறுத்த, அப்புட்டியிலிருந்து சிறிது எடுத்து அடர் கந்தக அமிலத்துடன் சூடாக்கினோம். சோதனைக் குழாயில் செம்பழுப்பு ஆவி எழுந்தது. புட்டியை நிரப்பியபோது உப்பு மாறிவிட்டிருந்தது.

மதிப்பெண் பட்டியல் இன்னும் நம் மேசைமேல்தான் இருந்தது. ஆனால் ஒருத்திக்குத் திருத்தவேண்டுமாயின், ஏழு பேர் காணாத வெண்மையை எங்ஙனம் கண்டனர் என்று சொல்லவேண்டும். அதைச் சொன்னால் நம்மைச் சொல்லவேண்டும். உறையை ஒட்டி அரக்கு முத்திரை வைத்தோம்.

பாஸ்காவுக்கு முன் பாவசங்கீர்த்தனத்தில் இதைப் பொய் என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிட முயன்றோம். குருவானவர் விவரம் கேட்டார். கேட்டபின், "அந்தப் பெண்ணுக்கு என்ன ஈடு செய்யப்போகிறீர்?" என்றார். களவுக்குத்தான் ஈடு செய்யவேண்டும் என்று எண்ணியிருந்த நமக்கு அக்கேள்வி புதிதாயிருந்தது. ஆயினும் அவள் வீட்டுக்குப் போக நமக்குத் துணிவு வந்தது ஜூலையில்தான்.

அவள் கல்லூரியில் வரலாறு எடுத்திருந்தாள். வகுப்பில் வேதியியலில் முதலாவதாக நின்ற பெண். ஏன் என்று கேட்டதற்கு அவள் தாயார்தாம் விடை கூறினார்: "அவளுக்கு நிறம் சரியாகத் தெரியவில்லையாம், சார். எல்லாருக்கும் வெள்ளையாய்த் தெரிந்தது அவளுக்கு மட்டும் வேறாகத் தெரிந்ததாம். கண் டாக்டரிடம்கூடக் காட்டினோம். ஒன்றுமில்லை என்கிறார்."

தாய் தந்தை இருவர் முன்னிலையிலும் நாம் நடந்ததைச் சொன்னோம். தந்தையார் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் போனது நியாயமே. அவள் நெடுநேரம் தலை குனிந்திருந்துவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டாள்:

"அப்படியானால், சார், அது மஞ்சள்தானே?"