கையைக் கட்டிக்கொள்ளும் வித்தை

ஓய்வு பெற்றவர்களுக்கு ஊரே யோசனை சொல்லும். காலையில் நட, மாலையில் கோயிலுக்குப் போ, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள். நான் இன்னொன்றும் சொல்வேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அகழாய்வு பழகும் இடத்தில் கூடமாட ஒத்தாசைக்குப் போய் நில்லுங்கள். சும்மா நிற்கத்தான் சொல்கிறேன். அது எவ்வளவு பெரிய பாடு என்பது நின்று பார்த்தால்தான் தெரியும்.

கீழடி அருங்காட்சியகம் 2023-இல் திறந்த பிறகு எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் இந்த ஆசை தொற்றிக்கொண்டது. அங்கே 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டுக்கு கி.மு. 580 என்று காலம் கணித்திருப்பதைக் கேட்ட பிள்ளைகள், "நாமளும் தோண்டலாமா சார்?" என்று ஆசிரியரைப் பிடித்துக்கொண்டார்கள். பழைய மேடுகளில் அனுமதி இல்லாமல் கடப்பாரை வைத்தால் அதற்குப் பெயர் அகழாய்வு இல்லை, களவு. அதனால் பள்ளி வளாகத்திலேயே ஒரு மூலையில் ஆசிரியர் குழி வெட்டி, அதை அடுக்கடுக்காக நிரப்பினார். அடியில் கரிசல், அதன்மேல் சாம்பல், பிறகு செம்மண், எல்லாவற்றுக்கும் மேலே ஆற்றுமணல். ஒவ்வோர் அடுக்கிலும் உடைந்த சட்டி பானை, சோழி, செங்கல் துண்டு, செல்லாத காசு.

நான் நில அளவைத் துறையில் வேலை பார்த்தவன். நூல் கட்டிக் கட்டம் பிரிப்பது என் பொறுப்பானது. மூன்றடி, நான்கடி, ஐந்தடி என்று முக்கோணம் பிடித்தால் மூலை தானாகச் செங்கோணத்துக்கு வரும் என்று காட்டியதும் பிள்ளைகளே நூலை இழுத்துக் கட்டிவிட்டார்கள். அதோடு என் வேலை முடிந்தது. கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

தோண்டிய இடத்தை இரண்டாவது முறை தோண்ட முடியாது. அகழாய்வின் முதல் பாடமும் கடைசிப் பாடமும் இதுதான். ஒரு பானை ஓடு எந்தக் கட்டத்தில், எவ்வளவு ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்று எழுதிய பிறகுதான் அதை எடுக்க வேண்டும். எழுதாமல் பிடுங்கினால் அது வெறும் ஓடு. அதன் காலமும் கதையும் மண்ணோடு போய்விடும்.

ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி தூரிகையால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தாள். வளைந்த விளிம்பு ஒன்று தெரிந்தது. அது சோற்றுப்பானையின் வாய் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. சொல்லிவிட நாக்குத் துடித்தது.

"தாத்தா, இது என்னது?"

"நீதான் சொல்லணும் தாயி."

அவள் ஆழத்தை அளந்தாள், படம் வரைந்தாள். பிறகு ஓட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வெளியே கரி அப்பியிருக்கு. உள்ளே இல்ல. அப்போ அடுப்புல ஏத்துன பானை" என்றாள். நான் முந்தியிருந்தால் அவளுக்கு ஒரு பெயர் கிடைத்திருக்கும். இப்போது பார்க்கும் முறையே கைவசமாகிவிட்டது. இதே கண்தான் நாளைக்குக் கருப்பு சிவப்புப் பானையின் உட்புறம் ஏன் கருத்திருக்கிறது என்று கேட்கும். கவிழ்த்து வைத்துச் சுட்டதால் என்ற விளக்கத்தையும் புரிந்துகொள்ளும்.

பக்கத்துக் கட்டத்துப் பையனுக்கு முகம் தொங்கிவிட்டது. "என் குழியில ஒண்ணுமே இல்ல தாத்தா." இரக்கப்பட்டு ஒரு சோழியை மண்ணுக்குள் தள்ளிவிட என் கை பரபரத்தது. ஆசிரியர் அமைதியாகச் சொன்னார்: "ஒண்ணும் இல்லன்னு எழுதுப்பா. அதுவும் கண்டுபிடிப்புதான்." உண்மை. வீடு எங்கே முடிந்தது, முற்றம் எங்கே தொடங்கியது என்பதை வெற்றுக் கட்டங்கள்தான் சொல்கின்றன. பையன் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதினான்.

வயதானவர்களாகிய நமக்கு இந்த இரண்டு இடத்திலும் சறுக்கும். பிள்ளை கேட்டு முடிப்பதற்குள் பதிலை நீட்டுகிறோம். அது வெறுங்கையோடு நிற்பதைப் பொறுக்காமல் எதையாவது திணிக்கிறோம். மகன் தொழில் தொடங்கினாலும், மகள் வேலை மாறினாலும் இதே கதைதான். அனுபவம் நம்மிடம் இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் தோண்டவேண்டிய குழியை நாம் தோண்டிவிட்டால் அவர்களுக்கு வேறு குழி கிடையாது. கட்டம் போட்டுக் கொடுக்கலாம், சரிந்து விழும் கரையைத் தாங்கிப் பிடிக்கலாம். கரண்டி அவர்கள் கையில்தான் இருக்க வேண்டும்.

பிள்ளைகளின் கண்ணை நம்புவதற்குக் கீழடியே சாட்சி. 1970களில் அங்கே கிணறு வெட்டியபோது வந்த பொருள்களை மாணவர்கள் கொண்டுவந்து காட்ட, வரலாற்று ஆசிரியர் ஒருவர் அதைத் தொல்லியல் துறைக்குத் தெரிவித்தார். மத்தியத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வைத் தொடங்கியது 2015-இல்தான்.

உங்கள் ஊர்ப் பள்ளியிலும் ஒரு மூலையும் நாலு உடைந்த பானையும் இல்லாமல் போகாது. தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். கொத்தனாராக இருந்தவர் குழிக்குக் கரை கட்டலாம், குயவர் பானையைப் பற்றிச் சொல்லலாம், கணக்கெழுதியவர் பதிவேடு போடக் காட்டலாம். காட்டியபின் இரண்டடி தள்ளி நில்லுங்கள். கேட்டால் மட்டும் பேசுங்கள்.