கணனிக்குள் ஒரு பழைய கணனி

ஒரு கணனியை எப்போது மாற்றுவது, எப்போது திருத்தி வைத்துக்கொள்வது என்பது பொதுவாகப் பண வசதியைப் பொறுத்த கேள்வியாகவே பேசப்படுகிறது. எழுத்தோடும் அச்சோடும் தொடர்புடையவர்களுக்கு அது அவ்வளவோடு முடிவதில்லை. பழைய கணனியோடு பழைய மென்பொருளும், பழைய எழுத்துருவும், அவற்றைக் கொண்டு மட்டுமே வாசிக்கக்கூடிய பிரதிகளும் சேர்ந்தே போய்விடுகின்றன. அண்மையில் பல மாதங்கள் இந்தக் கேள்வி என் மேசைமேல் கிடந்தது. நான் வந்தடைந்த முடிவையும் அதற்கு வந்த வழியையும் எழுதிவைப்பது, இதே நிலையிலுள்ள சிற்றிதழ்க்காரர்களுக்கும் நூல் வெளியிட்டவர்களுக்கும் பயன்படலாம்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி தொடக்கம் பத்துப் பன்னிரண்டு வருடங்கள் நம் நாட்டில் வெளிவந்த எத்தனையோ தமிழ்ச் சஞ்சிகைகளும், கவிதைத் தொகுதிகளும், பாடசாலை மலர்களும், பள்ளிவாசல் நினைவு மலர்களும் பேஜ்மேக்கர் என்ற மென்பொருளில் பக்கம் அமைக்கப்பட்டவை. எழுத்துரு பெரும்பாலும் பாமினி. பாமினியில் தட்டியது திரையில் தமிழாகத் தெரிந்தாலும் வட்டில் தமிழாகப் பதிவதில்லை. 'தமிழ்' என்ற சொல் அங்கே ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கிடக்கிறது. அவற்றுக்குத் தமிழ் உருவத்தைப் போர்த்துவது எழுத்துருவின் வேலை. போர்வையை நீக்கினால் எஞ்சுவது பொருளற்ற ஆங்கிலக் குவியல். யுனிகோட் முறையில் 1991ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. எனினும் நமது அச்சகங்களிலும் எழுத்தாளர் வீடுகளிலும் பாமினிதான் நெடுங்காலம் ஆட்சி செய்தது.

அக்காலத்தில் நான் பக்கம் அமைத்துக் கொடுத்தவற்றுள் ஒன்று, கிழக்குக் கரையோரக் கவிஞர் ஒருவரின் தொகுதி. 2003இல் அவருடைய கொப்பிகளிலிருந்து 61 கவிதைகளைத் தட்டி, 84 பக்கங்களாக ஒழுங்குபடுத்தி, இறுவட்டு ஒன்றில் பதிந்து வைத்தேன். அச்சுச் செலவுக்குப் பணம் சேரட்டும் என்று காக்கா காத்திருந்தார். 2004 டிசம்பர் 26இல் கடல் அவருடைய வீட்டுக்குள் வந்தது. குடும்பம் தப்பியது. கொப்பிகள் தப்பவில்லை. 2011இல் அவரும் வபாத்தானார். இன்று அந்த 61 கவிதைகளும் இருக்கும் ஒரே இடம் என்னிடமுள்ள இறுவட்டுத்தான். சென்ற வருடம் அவருடைய மனைவி, நாங்கள் ராத்தா என்றழைப்பவர், என்னிடம் கேட்டார்: "தம்பி, அவர்ர பொத்தகம் உங்கட கையிலதானே இரிக்கி. நான் கண்ணால காணக் கிடைக்குமா?"

இறுவட்டு இருபது வருடங்களைக் கடந்தும் வாசிக்கப்பட்டது, அல்ஹம்துலில்லாஹ். கோப்புகளை உடனே வன்தட்டில் பிரதி செய்துகொண்டேன். திறப்பதுதான் முடியவில்லை. எனது கணனி 2014இல் வாங்கியது. இன்டெல் ஐ3 நான்காம் தலைமுறைச் செயலி, 4 ஜீபி நினைவகம், சுழலும் வன்தட்டு, 64 பிட் விண்டோஸ் 10. என்னிடமுள்ள பழைய பேஜ்மேக்கர் அதில் நிறுவப்பட மறுத்தது. 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல்கள் ஓடமாட்டா. அக்கால நிறுவல் நிரல்கள் பலவும் 16 பிட் வகையைச் சேர்ந்தவை. விண்டோஸ் எக்ஸ்பி கணனி வைத்திருந்த அச்சகங்களை விசாரித்தேன். எங்கள் பக்கத்தில் அவை ஒவ்வொன்றாக ஓய்ந்து, பழைய இரும்புக்குப் போய்விட்டிருந்தன.

இவ்விடத்தில்தான் மெய்நிகர் இயந்திரம் என்ற ஏற்பாடு உதவிக்கு வருகிறது. உண்மையான கணனியின் நினைவகத்திலும் வன்தட்டிலும் ஒரு பகுதியை ஒதுக்கி, அதையே ஒரு தனிக் கணனி என்று பழைய இயங்குதளத்தை நம்பவைக்கும் மென்பொருள் அது. உள்ளேயிருக்கும் எக்ஸ்பிக்குத் தான் இன்னொரு கணனியின் வயிற்றில் இருப்பது தெரியாது. இந்த எண்ணம் புதியதன்று. ஐபிஎம் நிறுவனம் தன் பெருங்கணனிகளில் 1960களிலேயே இதைச் செய்து பார்த்து, 1972இல் விஎம்/370 என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மேசைக் கணனிக்கு 1999இல் விஎம்வெயர் நிறுவனம் இதைக் கொண்டுவந்தது. நான் பயன்படுத்தும் விர்ச்சுவல்பொக்ஸ் 2007இல் வெளிவந்து, சன் நிறுவனத்தின் கைக்கு மாறி, 2010 முதல் ஒரகிளிடம் இருக்கிறது. அதன் அடிப்படைப் பொதி இலவசமானது.

பழுதுபார்க்கும் தம்பியிடம் ஆலோசனை கேட்டேன். "சேர், இது பதினொரு வரிசக் கெழவன். இதுக்குக் காசு போடாம புதுசு ஒண்டு எடுங்க" என்றார். கொழும்பில் கணனித் துறையில் வேலை செய்யும் மருமகனும் ஏறத்தாழ அதையே சொன்னார். "மாமா, விர்ச்சுவல் மெஷின் ஓட்டுறெண்டா ஆகக் கொறஞ்சது 16 ஜீபி வேணும். பம்பலப்பிட்டிக்கு வாங்க, யூனிட்டி பிளாசாவில பார்த்து எடுப்பம்." அவர் கேட்டனுப்பிய விலையைப் பார்த்தேன். ராத்தா கேட்கும் நூலை 300 பிரதிகள் அச்சிடுவதற்கு எங்கள் ஊர் அச்சகம் கேட்ட தொகையும் ஏறத்தாழ அவ்வளவுதான். நான் ஓய்வூதியத்தில் வாழ்பவன். கவிதைகளைத் திறப்பதற்கான கணனியை வாங்கிவிட்டால், திறந்த கவிதைகளை அச்சிட எதுவும் மிஞ்சாது.

மருமகனின் கணக்கு தவறானதல்ல. அவர் தன் தொழிலில் மூன்று நான்கு புதிய இயங்குதளங்களை ஒரே நேரத்தில் ஓடவிடுபவர். ஒவ்வொன்றும் நாலு ஜீபி, எட்டு ஜீபி என்று கேட்கும். உள்ளே இருப்பவற்றுக்குக் கொடுப்பதோடு வெளியே இருப்பதற்கும் மிச்சம் வைக்க வேண்டும். எனக்குத் தேவையானதோ ஒரேயொரு எக்ஸ்பி. 2001இல் அது வெளிவந்தபோது பரிந்துரைக்கப்பட்ட நினைவகம் 128 எம்பி. அதற்கு 512 எம்பி கொடுத்தால் அது செல்வந்தன். ஆகவே வாங்குவதற்கு முன் அளந்து பார்ப்பதென்று தீர்மானித்தேன்.

முதலில் கணனியின் பயோஸ் அமைப்புக்குள் சென்று, மெய்நிகராக்கத்துக்கான செயலி வசதியை இயக்கினேன். இன்டெல் 2005 முதல் செயலிகளில் சேர்த்துவரும் வசதி அது. பல கணனிகளில் அது இருந்தும் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். புதிய விர்ச்சுவல்பொக்ஸ் பதிப்புகள் அது இல்லாமல் இயங்கா. பிறகு என்னிடமிருந்த பழைய இறுவட்டிலிருந்து எக்ஸ்பியை உள்ளே நிறுவினேன். நிறுவ முடிந்தது. ஆனால் பேஜ்மேக்கரைத் திறந்துவிட்டு ஒரு கோப்பைத் தேநீர் குடித்து முடிக்கலாம். அந்நேரத்தில் விண்டோஸ் 10 காட்டிய அளவுகளைக் கவனித்தேன். செயலி தன் வலுவில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடர்ந்து பயன்படுத்தவில்லை. நினைவகம் நிரம்பியிருந்தது. அதில் பாதிக்கு மேல் விண்டோஸ் 10 தனக்கே எடுத்துக்கொண்டது. வன்தட்டு மட்டும் நூறு வீதத்தில் நின்று திணறியது. நினைவகத்தில் இடமில்லாதவற்றை வன்தட்டில் எழுதுவதும் மீண்டும் எடுப்பதுமாக அது ஓடிக்கொண்டிருந்தது. கெழவன் என்று பழிக்கப்பட்ட செயலியில் குறையில்லை. மாற்ற வேண்டியவை வன்தட்டும் நினைவகமும் மாத்திரமே.

இன்னொரு விடயமும் இருந்தது. 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிவடைந்தது. விண்டோஸ் 11 எனது செயலியை ஏற்காது. இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே அதன் பட்டியலில் உண்டு. புதிய கணனி வாங்கவேண்டும் என்போரின் வலுவான நியாயம் இதுவே. ஆனால் விர்ச்சுவல்பொக்ஸ் லினக்ஸிலும் ஓடும். வெளியே இலவசமான லினக்ஸ் மின்ட், உள்ளே எக்ஸ்பி என்று வைத்துக்கொண்டால் இந்த நியாயமும் தளர்கிறது. அத்தோடு, 2025இன் கடைசி மாதங்களில் செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் கேள்வியால் உலகெங்கும் நினைவக விலைகள் ஏறின. புதிய கணனி வாங்குவதற்கு அது உகந்த காலமாக இருக்கவில்லை.

ஆகவே முடிவு இதுதான்: சுழலும் வன்தட்டுக்குப் பதிலாக ஒரு திண்மநிலை வட்டு. 4 ஜீபி நினைவகத்தோடு, ஒருமுறை பாவித்த இன்னொரு 4 ஜீபி. பழைய வன்தட்டை வெளிப்பெட்டி ஒன்றில் போட்டுக் காப்புப் பிரதிக்கு வைத்துக்கொண்டேன். புதிய கணனியின் விலையில் ஒரு சிறு பங்கோடு காரியம் முடிந்தது. எக்ஸ்பிக்கான இணையத் தொடர்பை முற்றாகத் துண்டித்துவிட்டேன். 2014 ஏப்ரலோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன இயங்குதளம் அது. அதை வெளியே உலவவிடக்கூடாது.

கோப்பிலிருந்து எழுத்தை மட்டும் உருவி, யுனிகோட் மாற்றி ஒன்றில் கொடுத்தால் போதாதா, இவ்வளவு பாடு எதற்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பாமினியில் ஜ, ஸ ஆகிய எழுத்துகள் ஆங்கிலச் சதுர அடைப்புக்குறிகளின் இடத்தில் இருக்கின்றன. நமது பெயர்களும் மார்க்கச் சொற்களும் கிரந்த எழுத்துகள் இல்லாமல் நடவா. எழுத்துரு விபரம் இழந்த வெறும் எழுத்தில், எது அடைப்புக்குறி, எது ஹாஜியாரின் ஜா என்று மாற்றிக்குத் தெரியாது. இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் அது தமிழாக எண்ணிக் குதறிவிடும். கவிதையில் உள்தள்ளிய வரிகளும், விட்ட வெற்றிடங்களும் காணாமற்போகும். பக்கத்தைக் கவிஞர் பார்த்து ஒப்புதல் தந்த அதே கோலத்தில் அருகில் வைத்துக்கொண்டுதான் மாற்றிய பிரதியைச் சரிபார்க்க முடியும். பிடிஎப் ஆக்கி வைத்தாலும் அது பக்கத்தின் படமாகவே நிற்கும். அதற்குள் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது. ஆகவே பக்கத்துக்கு ஒரு பிடிஎப், எழுத்துக்கு ஒரு யுனிகோட் பிரதி என இரண்டும் வேண்டும்.

எங்கள் வீட்டு அலுமாரியில் உம்மும்மா ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபுகள் சில இருக்கின்றன. தமிழை அரபு எழுத்தில், தமிழுக்கே உரிய ஒலிகளுக்காகச் சில எழுத்துகளுக்கு மேலதிகப் புள்ளிகளிட்டு எழுதிய முறை அது. மொழி நம்முடையது, எழுத்தும் நமக்குத் தெரிந்தது. ஆனாலும் அதைச் சரளமாக வாசிப்போர் அருகிவிட்டனர். அந்தக் கிதாபுகள் இந்நிலைக்கு வரப் பல தலைமுறைகள் சென்றன. பாமினிக் கோப்புகளோ, அவற்றைத் தட்டியவர்களின் ஆயுட்காலத்துக்குள்ளேயே இந்நிலைக்கு வந்துவிட்டன. இன்னுமொரு வேறுபாடும் உண்டு. அரபுத்தமிழ்க் கிதாபை மீட்க, குர்ஆன் மத்ரஸாவில் ஓதிய ஒருவரும் அவருக்குக் கொஞ்சம் பொறுமையும் போதும். கோப்பை மீட்கப் பொறுமையோடு இயந்திரமும் வேண்டும்.

இதனாலேயே மெய்நிகர் இயந்திரத்தை நிரந்தர வீடாக எண்ணக்கூடாது என்று கருதுகிறேன். நாளை விர்ச்சுவல்பொக்ஸின் போக்கு மாறலாம், இந்தச் செயலியும் ஒருநாள் நின்றுபோகும். பழைய பிரதிகள் புதிய எழுத்துக்குக் குடிபெயரும்வரை தங்கும் வாடகை அறை அது. வாடகை அறைக்காக வீட்டு விலை கொடுப்பதில் நியாயமில்லை. அந்தப் பணமும் நேரமும் சேரவேண்டிய இடம் ஒப்புநோக்கும் வேலை. எந்த இயந்திரமும் அதைச் செய்து தராது. காக்காவின் மகள் தன் வாப்பாவின் பேச்சையும் ஓசையையும் அறிந்தவர். மாற்றி விட்ட பிழைகளைப் பக்கத்தோடு ஒப்பிட்டு அவர்தான் திருத்துகிறார். இதை எழுதும்போது 38 கவிதைகள் முடிந்துள்ளன. எஞ்சிய 23உம் முடிந்ததும், இன்ஷா அல்லாஹ், நூல் அச்சுக்குப் போகும். அதற்கான பணம் தொடப்படாமல் இருக்கிறது.

அதன் பிறகும் என் அலுமாரியில் வேறு 40 இறுவட்டுகள் உள்ளன. இந்த இதழின் வாசகர்கள் பலரிடமும் இத்தகையவை இருக்கக்கூடும். இறுவட்டுகளும் மூப்படைகின்றன. திறக்க முடியுமா, முடியாதா என்பதைப் பிறகு பார்க்கலாம். முதலில் வாசிக்கக்கூடியவற்றை இன்றைய வட்டுகள் இரண்டில் பிரதி செய்துவையுங்கள். நானும் புதிய கணனி ஒன்றை என்றோ ஒருநாள் வாங்கவே வேண்டியிருக்கும். அந்நாள் வரும்போது, அதற்குள் ஒரு பழைய கணனியைக் குடியேற்றும் தேவை எனக்கு இருக்கக்கூடாது.