ஒரே ஒரு தடவைதான் சேமிக்கலாம்

அக்கா மகன் இன்னும் சில மாதங்களில் தேசிய சேவைக்குப் போகிறான். பள்ளி விடுமுறையில் அவன் ஆடும் போர் விளையாட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இலைமீது விழும் வெயில்கூட நிஜம்போல் இருக்கிறது. ஆனால் குண்டடிபட்டால் சுவரோரம் சில விநாடி பதுங்கினால் போதும், காயம் ஆறிவிடுகிறது. எதிரி இருக்குமிடத்தைத் திரை மூலையில் சிவப்புப் புள்ளி காட்டிக்கொடுக்கிறது. செத்தாலும் உடனே எழுந்து ஓடுகிறான். நடுவில் மைலோ வேறு குடித்துக்கொள்கிறான்.

அவன் வயதில் நான் ஆடியது ‘ஆபரேஷன் ஃபிளாஷ்பாயின்ட்’. செக் நாட்டின் பொஹீமியா இன்டராக்டிவ் உருவாக்கி 2001ல் வெளிவந்தது. 1985ல், எவரான் முதலான கற்பனைத் தீவுகளில் நடக்கும் கதை. முகங்கள் மரப்பாச்சி பொம்மை மாதிரி இருக்கும். வானொலிக் கட்டளையைக்கூடச் சொல் சொல்லாகப் பதிவுசெய்து ஒட்டியிருப்பார்கள்.

லாரியின் பின்னால் உட்கார்ந்து போவோம். இறங்கி வயலைக் கடக்கும்போது எங்கிருந்தோ ஒரு குண்டு வரும். அவ்வளவுதான்.  போரைப் பற்றிப் பிரபலம் ஒருவர் சொன்ன வாசகம் திரையில் வரும். காலில் பட்டுப் பிழைத்தால் எழுந்து நிற்க முடியாது, ஊர்ந்துதான் போகவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பணியில் நாமாக ஒரே ஒரு தடவைதான் சேமிக்கலாம்.

மோன்டிஞாக் தாக்குதல் தோற்றபிறகு வரும் பணியை இன்றும் மறக்கவில்லை. கூட்டாளிகள் யாருமில்லை. காட்டு வழியாகத் தனியாகத் தப்பிக்கவேண்டும். தூரத்தில் சத்தம் கேட்டாலே புதரில் படுத்துவிடுவேன். இருக்கிற ஒரே சேமிப்பை எங்கே செலவழிப்பது என்பதுதான் பெரிய கவலை. ஒருமுறை பதற்றத்தில் சேமித்துவிட்டேன். அந்த நொடியில் ஒருவன் என்னைக் குறிவைத்துக்கொண்டிருந்தான். எத்தனை முறை திறந்தாலும் உடனே சாவு. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அழாத குறை.

பிறகு புலாவ் தெக்கோங்கில் வரைபடமும் திசைகாட்டியுமாக நடந்த இரவில் அந்தக் காடுதான் நினைவுக்கு வந்தது. முதுகுப்பையின் கனத்தையும் கொசுவையும் மட்டும் விளையாட்டு சொல்லித்தரவில்லை.

இப்போது வருவதெல்லாம் மோசம் என்று சொல்லமாட்டேன். அதே நிறுவனத்தின் ‘ஆர்மா’ வரிசையில் ஒரு குண்டுக்கு இன்னும் மரியாதை உண்டு. ஆனால் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், இழக்க ஒன்றுமில்லை என்றால் எனக்குப் பயம் வருவதில்லை. பயம் வராவிட்டால் நான் சோபாவில்தான் இருக்கிறேன், போர்க்களத்தில் இல்லை.

போன வாரம் அந்தப் பழைய விளையாட்டை மடிக்கணினியில் ஏற்றி, அதே காட்டுப் பணியை அவனுக்குத் திறந்துகொடுத்தேன்.

“என்ன மாமா, எல்லாரும் ரோபோ மாதிரி நடக்குறாங்க?” என்று சிரித்தான். நாலைந்து முறை செத்தபிறகு பேச்சு குறைந்தது. அக்கா சாப்பிடக் கூப்பிட்டபோது, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் காட்டினான்.

“மாமா, அவங்க போயிட்டாங்களா?” என்று கிசுகிசுத்தான்.

எனக்கும் தெரியவில்லை. இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.