ஓடுகிறது என்று விட்டுவிடலாமா?

வன்னியில் நான் பணிபுரியும் பிரதேசத்தில் வாகனம் ஒன்றை நம்பிச் சீவிக்கும் குடும்பங்கள் பல உண்டு. 2009 இல் போர் முடிந்த பின்னர், கணவனை இழந்தவர்களும் காணாமல் ஆக்கப்பட்டோரின் மனைவிமாரும் சிறுகச் சேர்த்தும் லீசிங்கில் எடுத்தும் பழைய வான்களை வாங்கினார்கள். சிலர் தாமே ஓட்டுகிறார்கள். சிலர் சாரதி வைத்திருக்கிறார்கள். பதிவுப் புத்தகம் பெண்ணின் பெயரில் இருக்கும். எஞ்சினைப் பற்றிய அறிவு மட்டும் கராச்சில் நிற்கும் ஆண்களிடமே இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது வேலைப் பிரிவினை பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தோம். கராச் வாசலில் அது எப்படி இருக்கும் என்பதை இங்கேதான் கண்டேன். ரைமிங் பெல்ட் அதற்கு நல்ல உதாரணம்.

பெல்ட் என்றதும் நினைவுக்கு வருவது ஃபேன் பெல்ட். அது கண்ணுக்குத் தெரியும், தளர்ந்தால் கீச்சிடும். ரைமிங் பெல்ட் மூடியொன்றின் உள்ளே, பற்கள் வைத்த றப்பர் பட்டியாக இருக்கிறது. பிஸ்ரன்களோடு சுழலும் கீழ்த்தண்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் மேல்தண்டையும் அது இணைக்கிறது. கீழ்த்தண்டு இரண்டு முறை சுழல, மேல்தண்டு ஒரு முறை சுழல வேண்டும். பெல்ட் அறுந்தால் மேல்தண்டு நின்றுவிடும். கீழ்த்தண்டோ வந்த வேகத்தில் இன்னும் சுழலும். திறந்தபடி நிற்கும் வால்வுகளில் பிஸ்ரன் போய் அடிக்கும். டீசல் எஞ்சினில் இரண்டுக்கும் இடையே இடைவெளி மிகக் குறைவு. ஆகவே வால்வு வளையும். சில வேளை பிஸ்ரனும் உடையும். பெரும்பாலும் முன்கூட்டி ஒரு சத்தமும் வராது.

நான் சென்றுவரும் வீடொன்றில் ஓர் அக்கா இருக்கிறார். கணவர் 2009 இல் காணாமற் போனவர். எம்மவர் 'டொல்பின்' என்று சொல்லும் டொயோட்டா ஹைஏஸ் வானில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார். ஒரு நாள் 'ரி-பெல்ட்' என்ற விளக்கு எரியத் தொடங்கியது. கராச்சுக்குப் போனார். "ஓடுற எஞ்சினை ஏனக்கா கழட்டுவான்? உந்த லைற்றைப் பார்க்காதேங்கோ" என்று அனுப்பிவிட்டார்கள். "தங்கச்சி, பொம்பிளை கேட்டா விளங்காமக் கேக்கிறாள் எண்டுதான் நினைக்கினம்" என்றார் என்னிடம். உண்மையில் அந்த விளக்கு பெல்ட்டைப் பார்த்து எரிவதில்லை. ஓடிய தூரத்தைக் கணக்கு வைத்து, 100,000 கிலோமீற்றர் ஆனதும் எரிகிறது. பழுது என்று அது சொல்லவில்லை. தவணை வந்துவிட்டது என்று சொல்கிறது.

அவரிடம் இருந்தது சீட்டெடுத்த காசு. மகளின் சாமத்தியச் சடங்குக்கென்று வைத்திருந்தார். உறவினர் முகம் சுளித்தார்கள். அவர் வேறொரு கராச்சுக்குப் போய், பக்கத்தில் நின்று பெல்ட்டை மாற்றுவித்தார். கழற்றிய பெல்ட்டைக் கேட்டு வாங்கி வளைத்துப் பார்த்தார். பற்களின் அடியெல்லாம் வெடிப்பு. சடங்கு வீட்டோடு சிறிதாக நடந்தது. மகளுக்கு அதில் மனவருத்தம் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

இன்னொரு சகோதரிக்குக் காலம் கொடுக்கவில்லை. அவரது வான் மாங்குளத்துக்கு அருகில் நடுவீதியில் நின்றது. எஞ்சினைப் பிரித்துத் திருத்த வாரக்கணக்கானது. பெற்றோர் வேறு வான் பிடித்துக்கொண்டார்கள். லீசிங் தவணை மட்டும் தவறாமல் வந்தது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரி வரை தனியாருக்கு அனுமதி கிடைக்கவில்லை. அதனால் பழைய வான்களே தொடர்ந்து ஓடின. 2022 இல் எரிபொருள் இல்லாமல் அவை நின்ற நாட்களில் கிலோமீற்றர் ஏறவில்லை. றப்பருக்கோ வயது ஏறியது. எனவே தூரத்தை மட்டுமன்றி வருடத்தையும் பார்க்க வேண்டும்.

வாகனம் வைத்திருக்கும் சகோதரிகள் முதலில் தமது எஞ்சினில் இருப்பது பெல்ட்டா, செயினா என்று கேட்டறியுங்கள். பெல்ட் என்றால் தவணை எத்தனை கிலோமீற்றர், எத்தனை வருடம் என்று கையேட்டில் பாருங்கள். எல்லா எஞ்சினுக்கும் ஒரே கணக்கு இல்லை. பழைய வாகனத்தை வாங்கும்போது மீற்றரை நம்ப வேண்டாம். மாற்றியதற்குப் பற்றுச்சீட்டு இல்லையென்றால் மாற்றப்படவில்லை என்றே கொள்ளுங்கள். மாற்றும்போது ரென்சனர் பெயாரிங்கையும் மாற்றுவியுங்கள். ஒயில் கசிவு இருந்தால் அதையும் நிறுத்துவியுங்கள். ஒயில் பட்ட பெல்ட் தவணை வரை தாங்காது.

செலவு பெரிதுதான். ஆனால் நாளுக்கு 80 கிலோமீற்றர் வீதம் வருடத்தில் 250 நாட்கள் ஓடினால் 20,000 கிலோமீற்றர். 100,000 ஆக ஐந்து வருடம் எடுக்கும். அந்தச் செலவை 60 மாதங்களாகப் பிரித்தால் ஒவ்வொரு மாதமும் ஒதுக்க வேண்டியது சிறு தொகையே.

எமது மகளிர் குழுக்களின் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, வாகனம் உள்ளவர்கள் மீற்றர் இலக்கத்தையும் கடைசியாகப் பெல்ட் மாற்றிய திகதியையும் எழுதிக்கொண்டு வாருங்கள். சேமிப்புப் புத்தகத்தின் பின் அட்டையிலேயே அதைக் குறித்து வைப்போம்.