கண் கூசாத சூரியன்

பெங்களூரில் அமர்ந்து கடலோவியங்களைப் பற்றி ஆய்வேடு எழுதுவதில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கே கடலும் இல்லை, உப்புக்காற்றும் இல்லை. கஸ்தூர்பா சாலையிலுள்ள வெங்கடப்பா கலைக்கூடத்தில் அவருடைய உதகை நீர்வண்ண ஓவியங்களின் முன் நின்றுதான் மூடுபனியைப் பற்றி எழுதவே பழகினேன்.

இப்போதைய அத்தியாயம் கிளாட் மோனே 1872இல் லெ ஹாவ்ர் துறைமுகத்தைத் தீட்டிய ‘இம்ப்ரெஷன், சூரியோதயம்’ பற்றியது. 1874ஆம் ஆண்டுக் கண்காட்சியில் ஒரு விமர்சகர் ஏளனமாகப் பற்றிக்கொண்ட அதன் தலைப்பே பின்னர் ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. ‘ஓவியர் கண்ட கடலைக் கைவிட்டு, உணர்ந்த கடலைத் தீட்டுகிறார்’ என்று எழுதியிருந்தேன். இரண்டு கருத்தரங்குகளில் பாராட்டுப் பெற்ற வரி.

சென்ற மாதம் அப்பா வந்திருந்தார். நாகைக் கரையிலிருந்து நாற்பதாண்டுகள் கடலுக்குப் போனவர். என் ஆய்வைப் பற்றி அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. மடிக்கணினியில் அந்தப் படத்தைக் கண்டதும் அருகே வந்து நின்றார்.

“இது கடல் இல்லம்மா. அலையே எழும்பலையே. துறைமுகத்துக்குள்ள கெடக்குற தண்ணி.” சற்றுப் பொறுத்து, “பனி மூட்டத்துல சூரியன் இப்படித்தான் இருக்கும். கண்ணு கூசாது” என்றார்.

அவர் உறங்கிய பின் படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். சூரியன் ஏறத்தாழ மறைந்துபோயிற்று. நரம்பியலாளர் மார்கரெட் லிவிங்ஸ்டன் விளக்கியதுதான் இது: அந்தச் செம்மஞ்சள் வட்டமும் சுற்றியுள்ள சாம்பல்நீல வானும் வெளிச்ச அளவில் ஏறக்குறைய ஒன்றே, நிறம் மட்டுமே அவற்றைப் பிரிக்கிறது. சூரியன் துடிப்பதுபோல் தோன்றுவதும் அதனால்தான். வானையும் நீரையும் மிக மெல்லிய பூச்சாக விட்டுவிட்டு, சூரியனையும் நீரில் விழும் அதன் நிழலையும் மட்டும் தடித்த தீற்றல்களாக வைத்திருக்கிறார் மோனே. இவையனைத்தும் என் அடிக்குறிப்பில் இருந்தன, ஓர் உத்தியாக. பனியில் மழுங்கிய சூரியனை உற்றுநோக்கிய ஒருவரின் கண் அதற்குப் பின்னால் இருந்திருக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கடலோரத்தில் பிறந்தவள் நான், வெட்கமாக இருந்தது.

பாராட்டுப் பெற்ற வரியை நீக்கிவிட்டேன். அந்த இடம் இன்னும் காலியாகவே கிடக்கிறது. வழிகாட்டிக்கு அடுத்த வாரம் அனுப்ப வேண்டும்.

நேற்று ஊரிலிருந்து அப்பா அழைத்தார். வழக்கமான விசாரிப்புகள் முடிந்ததும், “அந்தப் படகுல நிக்கிறவன் உள்ள வர்றானா, வெளிய போறானா? பாத்தியா?” என்று கேட்டார்.

நான் பார்த்திருக்கவில்லை.