தோற்றவனுக்கு ஒரு மரியாதை

சூதாட்டம் ஹராம் என்பதில் எனக்கு வாதமில்லை. மதுவோடு சேர்த்து அதனையும் விலக்கிக்கொள்ளுமாறு திருக்குர்ஆன் சொல்லிவிட்டது. ஆயினும், விலக்கப்பட்ட ஓரிடத்தில் மனிதர்கள் ஒருவரோடொருவர் எப்படி நடந்துகொள்கிறார்கள் என அறிய விரும்புவது தவறல்ல என்றே நினைக்கிறேன். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கு ஒழுங்கும் பணிவும் சொல்லிக் கொடுத்து வருகிறவன் நான். கசினோ மேசையிலும் ஓர் 'அதபு' உண்டென்று கேள்விப்பட்டபோது ஆவல் வராமல் இருக்குமா?

சொன்னவன் என் பழைய மாணவன். வெளிநாட்டுக் கப்பலொன்றில் சில வருடம் போக்கர் மேசையில் காட்ஸ் பகிர்ந்துவிட்டு, அந்தத் தொழிலே வேண்டாமென்று ஊரில் வந்து கடை போட்டிருக்கிறான். ஒரு பின்னேரம் எங்கள் வீட்டுத் திண்ணையில், நாங்கள் முந்நூற்றிநாலு விளையாடும் காட்ஸ் கட்டை விரித்து எனக்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினான்.

இன்று அதிகம் ஆடப்படுவது டெக்ஸாஸ் ஹோல்டம். ஒவ்வொருவர் கையிலும் மறைவாக இரண்டு காட்ஸ். மேசை நடுவே எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. பணத்துக்குப் பதிலாக வில்லைகள். பந்தயத்தைக் கூட்டுவதா, சமமாக வைப்பதா, கையை விட்டுவிடுவதா என்பதுதான் ஆட்டம்.

அதன் ஒழுங்குகளைக் கேட்க எனக்கு வியப்பாயிருந்தது. தன் முறை வருமுன் எவரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் இன்னும் தீர்மானிக்காதவனுக்கு உளவு சொன்னதாகிவிடும். முறை வந்தபின் வாயால் சொன்னது சொன்னதுதான். "கூட்டுகிறேன்" என்றவன் பின்வாங்க முடியாது. வில்லைகளைக் கொஞ்சமாக வைத்து, எதிராளியின் முகம் பார்த்து, பிறகு மேலும் வைப்பது ஆகாது. வைப்பதை ஒரே தடவையில் வைக்க வேண்டும். பெரிய பெறுமதியுள்ள வில்லைகளைச் சிறியவற்றுக்குப் பின்னால் ஒளிக்கக் கூடாது. நடுவிலுள்ள குவியலுக்குள் எறியவும் கூடாது; எவ்வளவு வைத்தானென்று எண்ண முடியாது போய்விடும். கையை விட்டவன் தான் விட்டது என்னவென்று பேசக் கூடாது. பக்கத்தவனின் காட்ஸ் கண்ணில் பட்டால் அவனிடமே சொல்லிவிட வேண்டும். அமெரிக்கக் கசினோக்களில் கை ஆடி முடியும்வரை மேசையில் ஆங்கிலம் மட்டுந்தான்.

"நீங்களும் நானும் தமிழில கதைச்சா உடனே தடுப்பாங்க சேர்" என்றான்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய மரியாதைக்கேடு ஒன்றுண்டாம். தன் கைதான் வெல்லும் கை என்று தெரிந்தும் அதை விரிக்காமல் தாமதித்து, எதிராளி தானே வென்றதாக மகிழ விட்டு, பிறகு மெதுவாகக் காட்டுவது. பெரும்பாலும் இதற்குத் தண்டனை இல்லை. ஆனால் அப்படிச் செய்தவனை மேசை மறக்காது. கலியாண வீடுகளில் விடிய விடிய முந்நூற்றிநாலு ஆடும் நாங்கள் இதைப் பெரிய கெட்டித்தனமாக அல்லவா சொல்லித் திரிவோம்!

இதுவரையில் எல்லாம் நீதிதான். எவருக்கும் களவாக ஒரு செய்தி போய்விடக் கூடாது. எவரும் வீணாக நோகக் கூடாது. ஆனால் அவன் அடுத்துச் சொன்னது வேறு வகை.

1970இல் லாஸ் வேகாஸ் நகரின் பினியன்ஸ் ஹோர்ஸ்ஷூ கசினோவில் தொடங்கிய உலகப் போக்கர் போட்டித் தொடரின் பிரதான ஆட்டத்தை 2003இல் வென்றவர் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர். இணையத்தில் 86 டொலர் கட்டி ஆடி இடம்பிடித்தவருக்கு 25 இலட்சம் டொலர் கிடைத்தது. அதைக் கண்டு, நமக்கும் கிடைக்கும் என்று சாதாரண மனிதர்கள் மேசைகளை நோக்கித் திரண்டார்கள். புதிதாய் வந்தவன் தவறாக ஆடுவான், தோற்பான். அவனிடம் எப்படி நடக்க வேண்டும்? தேர்ந்த ஆட்டக்காரரிடையே ஒரு சொல் உண்டு: மீன் தொட்டியின் கண்ணாடியைத் தட்டாதே.

"தோத்தவன ஆரும் ஏச மாட்டாங்க சேர். பிழையா ஆடி வெண்டாலும் 'நல்லா ஆடினீங்க' எண்டுதான் சொல்லுவாங்க. ஏசினா அவன் எழும்பிப் போயிருவான். இல்லாட்டி ஆட்டத்தப் படிச்சிருவான்."

கசினோவுக்கும் அதுவே வசதி. போக்கரில் வீட்டுக்காரன் ஆடுவதில்லை. குவியலிலிருந்து ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்கிறான். எவர் வென்றாலென்ன, கதிரைகள் காலியாகாதிருந்தால் சரி.

எங்கள் ஊர் விளையாட்டில் இவ்வளவு நாகரிகம் கிடையாது. துரும்பைப் பிழையாக இறக்கிய கூட்டாளிக்குத் தெருவே கேட்க ஏச்சு விழும். ஆனால் கண் சிவந்து குந்தியிருப்பவனை "போதும் மகன், எழும்பு, ஊட்ட போ" என்று தோளில் தட்டி அனுப்ப ஒரு மூத்தவரும் அங்கே இருப்பார். கசினோ மேசையின் நீண்ட ஒழுங்குப் பட்டியலில் நான் தேடியும் காணாதது அந்த ஒன்றைத்தான்.

அவன் பகிர்ந்த மேசையில் ஓர் இரவு ஒரு வயதான மனிதர் தோற்றுக்கொண்டேயிருந்தாராம். கோபமில்லை, ஒரு சொல்லில்லை. ஒவ்வொரு முறையும் இவனுக்கு நன்றி சொல்வாராம். கடைசி வில்லைகளை அவர் முன்னே தள்ளியபோது இவன், பழக்கியபடியே, "குட் லக், சேர்" என்றிருக்கிறான்.

"எழும்பிப் போங்க எண்டு சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

காட்ஸை அடுக்கிக் கட்டிக்கொண்டே சொன்னான்: "சொன்னா என்ட வேல போயிரும் சேர். அத விடுங்க. அது மரியாத இல்ல எண்டு அவரே கோவிச்சிருப்பாரு."